கேவியருக்கு ஐஸ் தேடி வந்தவர்

போன வாரம் உங்களை ஓர் இருட்டுப் படிக்கட்டில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஏழு நாளாகக் கால் கடுக்க நிற்கிறீர்கள். கோபம் வேண்டாம், வாருங்கள், ஏறுவோம். படி செங்குத்து. வெளிச்சம் கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

லெனின்கிராட். 1945 நவம்பர். ஃபொன்டாங்கா ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் ஷெரமேத்தியெவ் பிரபுக்கள் வாழ்ந்த மாளிகை. பிற்பகல் மூன்று மணி.

முன்னால் ஏறுகிறவர் விளாதிமிர் ஓர்லோவ், இலக்கிய விமர்சகர். பின்னால் மூச்சு வாங்க ஏறுகிறவர் நம்ம ஆள், ஐசாயா பெர்லின். வயது 36. ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். போர்க்காலத்தில் வாஷிங்டனிலிருந்து பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியவர். இப்போது சில மாதங்களுக்கு மாஸ்கோ தூதரகத்தில் வேலை.

காலையில் அவர் நெவ்ஸ்கி சாலைக் கடைக்குப் போனது பழைய புத்தகம் வாங்கத்தான். மாஸ்கோவைவிட லெனின்கிராடில் புத்தகம் மலிவு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மலிவுக்குக் காரணம் பயங்கரமானது. போரின்போது நகரம் முற்றுகையில் இருந்த நாட்களில் படித்த குடும்பங்கள் பல, அலமாரியைக் காலி செய்து ரொட்டிக்கு மாற்றிக்கொண்டன. பல வீடுகளில் படிக்க ஆளே மிஞ்சவில்லை. அந்தப் புத்தகங்கள்தான் கடை கடையாக வந்து குவிந்திருந்தன.

கடையின் பின்னறையில் பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டார். கவிஞர் அன்னா அக்மதோவா இன்னும் உயிரோடு இருக்கிறாரா?

ஏன் இல்லாமல், பக்கத்தில்தான் இருக்கிறார், பார்க்க வேண்டுமா என்றார் ஓர்லோவ். ஒரு போன். மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

அதுதான் போன வாரக் கதை. இப்போது கதவு திறக்கிறது.

அறையில் ஒரு சின்ன மேசை. மூன்று நான்கு நாற்காலி. ஒரு மரப்பெட்டி. ஒரு சோபா. நெருப்பில்லாத அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு கோட்டோவியம், இளம் வயதில் பாரிஸில் ஓவியர் மோடிக்லியானி அவரை வரைந்து தந்தது. பதினாறு வரைந்தாராம். அவரிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

நரைத்த தலை. தோளில் வெள்ளைச் சால்வை. அக்மதோவா மெதுவாக, மிக மெதுவாக எழுந்து நின்றார்.

பெர்லின் குனிந்து வணங்கினார். துயர நாடகத்து மகாராணி ஒருத்தி எதிரே நிற்பதுபோல இருந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். மிகையே இல்லை. முதல் கணவர் குமிலியோவை 1921-இல் சுட்டுக் கொன்றதையும், மகன் லேவ் முகாமுக்குப் போனதையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். 1925-க்குப் பிறகு பதினைந்து வருடம் ஒரு தொகுப்பு வெளிவரவில்லை. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு நின்ற முதுகு கொஞ்சமும் வளையவில்லை. வயது 56.

முதல் உலகப் போருக்குப் பிறகு இவர் சந்தித்த அயல்நாட்டார் ஒரே ஒருவர், தாஷ்கண்டில் பார்த்த ஒரு போலந்துக்காரர். பெர்லின் இரண்டாவது.

பேச்சு ஆரம்பித்தது. ஆனால் நகரவில்லை.

அறையில் அக்மதோவாவின் தோழி ஒருவரும் இருந்தார். ஓர்லோவும் இருந்தார். நாலு பேர் கூடினால் அந்த ஊரில் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். நீங்கள் நலமாக இருப்பது மகிழ்ச்சி, மேற்கு நாடுகளில் உங்களைப் பற்றிச் செய்தியே இல்லை என்று பெர்லின் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஏன் இல்லை என்று மகாராணி திருத்தினார். டப்ளின் ரெவ்யூவில் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை வந்ததும் அவருக்குத் தெரியும். இத்தாலியில் பொலோனா பல்கலைக்கழகத்தில் தன் கவிதைகளை யாரோ ஆய்வு செய்வதும் தெரியும்!

பெர்லினுக்கு வியர்த்தது. லண்டனில் குண்டு விழுந்தபோது மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று அக்மதோவா கேட்டார். பெர்லின் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பவன் குரலில்தான் சொல்லியிருப்பார்.

அப்போதுதான் அது கேட்டது.

வெளியே யாரோ கத்துகிறார்கள்.

பெர்லினுக்குத் தன் பெயர் மாதிரி கேட்டது. சே, பிரமை என்று ஒதுக்கினார். இந்த ஊரில் தன்னை யாருக்குத் தெரியும்?

மறுபடி கேட்டது. இந்த முறை சந்தேகமே இல்லை.

“ஐசாயா!”

ஜன்னலுக்கு ஓடினார். கீழே பார்த்தார்.

பரந்த முற்றத்தின் நட்டநடுவில் ஒரு மனிதர். போதையேறிய கல்லூரி மாணவன்போல் நின்றுகொண்டு, அண்ணாந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

ராண்டால்ஃப் சர்ச்சில்!

வின்ஸ்டன் சர்ச்சிலின் ஒரே மகன். ஸ்டாலினின் ரஷ்யாவில். ரஷ்யாவின் மிகவும் கண்காணிக்கப்பட்ட கவிஞரின் ஜன்னலுக்குக் கீழே.

பெர்லினை அப்படியே ஜன்னலோரம் நிற்க வைப்போம். அவருக்கும் கொஞ்ச நேரம் காலே எழவில்லை. இந்த மனிதர் இங்கே எப்படி முளைத்தார் என்று அதற்குள் நாம் விசாரித்துவிடலாம்.

ராண்டால்ஃப் அன்று அரசாங்க வேலையாக வரவில்லை. அரசாங்கமே அவர் குடும்பத்தின் கையில் இல்லை. ஜூலைத் தேர்தலில் அப்பா ஆட்சியை இழந்திருந்தார். அதே தேர்தலில் மகன் எம்.பி. பதவியை இழந்திருந்தார். இப்போது அவர் ஒரு பத்திரிகைக்காரர். செய்தி தேடி வந்தவர் அஸ்டோரியா ஓட்டலில் தங்கினார். வந்ததும் முதல் காரியமாகக் கேவியர் என்கிற மீன்முட்டை வாங்கினார். ரஷ்யாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

கேவியரை வெளியே வைத்தால் கெட்டுவிடும். ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். அதை ஓட்டல்காரர்களிடம் சொல்ல வேண்டும். ராண்டால்ஃபுக்கு ரஷ்ய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. ஓட்டல்காரர்களுக்கு ராண்டால்ஃப் பேசுவது புரியவில்லை.

இந்த நேரம் பார்த்து பிரிட்டிஷ் கவுன்சிலைச் சேர்ந்த பிரெண்டா டிரிப் எதிரே வந்தார். பெர்லினுடன் மாஸ்கோவிலிருந்து கிளம்பி வந்தவர். பேச்சில் ஐசாயா பெர்லினும் ஊரில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

ராண்டால்ஃபின் முகம் மலர்ந்தது. ஐசாயாவா! ஆக்ஸ்ஃபோர்டில் கூடப் படித்தவனாயிற்றே! ரஷ்யாவில் வளர்ந்தவன், ரஷ்ய மொழி தண்ணீர் பட்ட பாடு. மொழிபெயர்க்க இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா?

மாணவப் பருவத்துக்குப் பிறகு இருவரும் சந்தித்ததே இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. எங்கே இருப்பான் என்று கேட்டார். அந்தப் பெண்மணி குத்துமதிப்பாக ஒரு அடையாளம் சொன்னார். ஃபொன்டாங்கா கரையில், அந்தப் பெரிய மாளிகை.

மாளிகை பெரிது. எந்தக் கதவு, எந்த மாடி, தெரியாது. என்ன செய்வது? கிரைஸ்ட் சர்ச் கல்லூரி நாட்களில் நண்பனை எப்படிக் கண்டுபிடிப்பாரோ, அதையே செய்தார். முற்றத்தின் நடுவில் நின்று கத்தினார்.

அப்பா பெயரைச் சொன்னால் எந்தக் கதவும் திறக்கும் என்று பழகி வளர்ந்த பிள்ளை. ஒரு முற்றத்தில் நின்று ஒரு பெயரைச் சொல்வதால் யாருக்காவது கேடு வரலாம் என்ற எண்ணம் அவருக்கு எங்கிருந்து வரும்? கெட்ட மனிதர் இல்லை. யூகோஸ்லாவியாவில் எதிரிகளின் நடுவே பாராசூட்டில் குதித்த துணிச்சல்காரர். ஆனால் அடுத்தவர் நிலைமையை யோசிக்கும் பழக்கம் அவருக்கு அவ்வளவாகக் கிடையாது.

இங்கே அப்பா சர்ச்சிலையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும். முன்பே இந்தத் தொடரில் சொன்ன கூத்துதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இன்னொரு முறை.

1944-இன் தொடக்கம். வாஷிங்டனிலிருந்து வாராவாரம் வரும் அரசியல் அறிக்கைகளை வின்ஸ்டன் சர்ச்சில் ரசித்துப் படிப்பார். யார் எழுதுவது என்று கேட்டார். பெர்லின் என்றார்கள். பெயர் மனதில் தங்கிவிட்டது.

அதே நேரம் அமெரிக்காவிலிருந்து பாட்டு எழுதுபவர் ஒருவர் லண்டன் வந்திருந்தார். ‘திஸ் இஸ் தி ஆர்மி’ என்று ஒரு மேடை நிகழ்ச்சி நடத்தி, போர்க்கால நிதிக்குப் பணம் திரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள் என்றார் திருமதி சர்ச்சில். பெயர் என்ன? இர்விங் பெர்லின்.

சர்ச்சிலின் காதில் பின்பாதி மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். சாப்பிட வரச்சொல் என்றார்.

டவுனிங் தெரு, 10-ஆம் எண் வீட்டில் விருந்து. பிரதமர் நேராக விஷயத்துக்கு வந்தார். போர் எப்போது முடியும் என்று நினைக்கிறீர்கள்? பாட்டுக்காரருக்குத் தலை சுற்றியது. வின்ஸ்டன் சர்ச்சில் என்னிடம் இப்படிக் கேட்டார் என்று பேரப்பிள்ளைகள் வரை சொல்வேன் என்று பதில் சொல்லித் தப்பித்தார். இதுவரை எழுதியதில் முக்கியமானது எது என்று அடுத்த கேள்வி. அவர் கொஞ்சம் யோசித்து, ‘ஒயிட் கிறிஸ்மஸ்’ என்றார். உண்மையான பதில்தான். உலகமே பாடிய பாட்டு. பிரதமர் முழித்தார்.

இந்த அதிகாரிகளே இப்படித்தான், காகிதத்தில் சூரர்கள், நேரில் ஒன்றுமில்லை என்று சர்ச்சில் பிறகு செயலாளரிடம் குறைப்பட்டுக்கொண்டார். உண்மை தெரிந்ததும் அவரே விழுந்து விழுந்து சிரித்தார். வாஷிங்டனில் இருந்த ஐசாயாவும் சிரித்தார். ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அப்பா ஒரு பெர்லினைக் கூப்பிட்டார், தப்பான பெர்லின் வந்தார். மகன் கூப்பிட்டார், சரியான பெர்லினே வந்துவிட்டார். வினை அதனால்தான்.

ஜன்னலுக்குத் திரும்புவோம்.

பெர்லினின் தலையில் அப்போது ஓடியது ஒரே ஒரு எண்ணம். இந்த மனிதர் மேலே வந்துவிடக் கூடாது. இந்த அறைக்குள் ஒரு சர்ச்சில் காலை வைக்கக் கூடாது. வாய்க்குள்ளேயே ஏதோ மன்னிப்புக் கேட்டார். கதவைத் திறந்தார். வந்த படிக்கட்டில் தலைதெறிக்க இறங்கினார்.

அக்மதோவா என்ன நினைத்திருப்பார்? மரியாதையாக வந்து குனிந்து வணங்கிய விருந்தாளி, வாக்கியம் முடிவதற்குள் ஓடிவிட்டார்!

ஓர்லோவும் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார். தான் அழைத்து வந்த அயல்நாட்டார். விட்டுவிட முடியுமா?

முற்றத்தில் ராண்டால்ஃப் கையை விரித்துக்கொண்டு வந்தார். ஆரவாரமான வரவேற்பு. பெர்லினுக்கு மூளை வேலை செய்யவில்லை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு வளர்ப்பு வேலை செய்தது. இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். வாய் தானாகத் திறந்தது.

இவர் ராண்டால்ஃப் சர்ச்சில், நீங்கள் சந்தித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஓர்லோவ் அப்படியே உறைந்தார்.

முதலில் அந்த முகத்தில் குழப்பம். பிறகு திகில். பிறகு ஆளே இல்லை. எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்து முற்றத்தைவிட்டே போய்விட்டார். பெர்லின் அதற்கப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை.

படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் ஓர்லோவின் இடத்தில் நின்று பாருங்கள். காலையில் கடையில் ஒரு புத்தகப் பிரியரிடம் பேசினார். அவர் அயல்நாட்டார், அதுவும் தூதரகத்து ஆள். அவரைத் தன் பொறுப்பில் அக்மதோவா வீட்டுக்கு அழைத்துவந்தார். அதுவே துணிச்சல். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, சர்ச்சிலின் மகன் எதிரே நின்று கை நீட்டுகிறார். விசாரணை அறையில் இதை எந்தக் கோணத்தில் சொன்னாலும் தற்செயல் என்று யார் நம்புவார்கள்? அவர் ஓடியதில் ஒரு தப்பும் இல்லை. அன்று அந்த முற்றத்தில் புத்தியோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். நல்லவேளை, அவருடைய எழுத்துகள் பிற்பாடும் அச்சில் வந்துகொண்டிருந்தன. பெர்லின் அதைப் பார்த்து நிம்மதியடைந்தார்.

தன்னை யாராவது பின்தொடர்ந்தார்களா என்று பெர்லினுக்கு நிச்சயமாகத் தெரியாது. ராண்டால்ஃபைப் பின்தொடர்ந்தார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் ஆள் போடாமல் இருப்பார்களா? ஆக, அந்த நிழல் மனிதர்கள் அன்று குறிப்பேட்டில் எழுத வேண்டியதெல்லாம் முற்றத்தில் உரத்த குரலிலேயே கிடைத்துவிட்டது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? சில நாட்களில் லெனின்கிராட் முழுக்க ஒரு வதந்தி. அக்மதோவாவை ரஷ்யாவைவிட்டு அழைத்துப்போக வெளிநாட்டுக் குழு வந்திருக்கிறதாம். வின்ஸ்டன் சர்ச்சில் அவர் கவிதைகளுக்கு வெகுகால ரசிகராம். இங்கிலாந்துக்குக் கூட்டிப்போகத் தனி விமானமே அனுப்புகிறாராம்!

ஒரு டப்பா கேவியர் எவ்வளவு தூரம் போய்விட்டது பார்த்தீர்களா?

சரி, முற்றம் காலியாகிவிட்டது. ராண்டால்ஃபை ஒருவழியாக அங்கிருந்து நகர்த்தியாயிற்று. பெர்லின் மீண்டும் அந்தப் புத்தகக் கடைக்குப் போனார். அங்கிருந்து அக்மதோவாவுக்குப் போன் செய்தார். ஓடிப்போனதற்குக் காரணம் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். இன்னொரு முறை வந்து பார்க்கலாமா என்றும் கேட்டுவிட்டார்.

என்னைக் கேட்டால், இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. அவர் கேட்டார்.

வராதே என்று அக்மதோவா சொல்லியிருக்கலாம். சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. கணவரைப் பறிகொடுத்தவர். மகனுக்காக லெனின்கிராட் சிறை வாசலில் மாதக்கணக்கில் வரிசையில் நின்றவர். போலீஸ் எப்படி யோசிக்கும் என்பது ஓர்லோவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு உங்களுக்காகக் காத்திருப்பேன் என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்?

நண்பர்கள். இதுதான் என் கட்சி. புரட்சிக்குப் பிறகு அவருடைய இளமைக்கால நண்பர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒருவரைப் பற்றியும் ஒழுங்கான செய்தி கிடையாது. இருக்கிறார்களா, செத்தார்களா? கல்ஓவியக் கலைஞர் போரிஸ் அன்ரெப் லண்டனில் இருந்தார். அக்மதோவா ஒரு காலத்தில் அவருக்காகக் கவிதை கவிதையாக எழுதியவர், தன் மோதிரத்தையே கொடுத்தவர். தோழி சலோமியாவும் லண்டனில்தான் இருந்தார். இந்தப் பெர்லினுக்குச் சலோமியாவைத் தெரியும். அந்தப் பக்கத்துக் கதவு முப்பது வருடமாகச் சாத்திக்கிடக்க, திடீரென்று ஒருவர் திறந்துகொண்டு வந்திருக்கிறார். பயத்துக்காக அவரைத் திருப்பி அனுப்ப அக்மதோவாவுக்கு மனம் வரவில்லை.

இரவு ஒன்பது. பெர்லின் மீண்டும் அதே படிக்கட்டில் ஏறினார். இந்த முறை தனியாக.

உள்ளே தனிமை கிடைத்ததா? இல்லை. ஒரு பேராசிரியை உட்கார்ந்திருந்தார். அக்மதோவாவின் இரண்டாவது கணவர் ஷிலெய்கோ, அசீரிய மொழி அறிஞர், அவரிடம் படித்தவர். ஆங்கிலப் பல்கலைக்கழகங்களைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி. பாடத்திட்டம் எப்படி, நிர்வாகம் எப்படி? அக்மதோவா பேசாமல் இருந்தார். பெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். நடுநிசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த அம்மா எழுந்தார்.

இப்போது இருவர் மட்டும்.

அக்மதோவா பேச ஆரம்பித்தார். சலோமியா எப்படி இருக்கிறாள்? அன்ரெப் என்ன செய்கிறார்? பெர்லின் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். பிற்பகலில் பார்த்த மகாராணி அங்கே இல்லை. கருங்கடல் ஓரத்துக் குழந்தைப் பருவம், திருமணங்கள், குமிலியோவின் சாவு என்று எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு, என் கவிதையைச் சொல்லட்டுமா என்று கேட்டார். அதற்கு முன்னால் பைரன்! ‘டான் ஹுவானி’லிருந்து இரண்டு காண்டம், மனப்பாடமாக, ஆங்கிலத்திலேயே. பெர்லினுக்கு அந்தக் கவிதை நன்றாகத் தெரியும். ஆனால் அக்மதோவாவின் உச்சரிப்பில் ஓரிரு சொற்களைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. சிரிக்கவும் முடியாது. அந்தக் குரலில் இருந்த உருக்கமோ உண்மையானது. முகத்தை மறைக்க எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நாம் பழைய கிரேக்கத்தையும் லத்தீனையும் படிப்பதும் இப்படித்தானே இருக்கும் என்று பிற்பாடு தோன்றியதாம். இந்த ஒரு இடத்துக்காகவே எனக்குப் பெர்லினைப் பிடிக்கும்.

அப்புறம் அவருடைய சொந்தக் கவிதைகள். முடிக்காமல் வைத்திருந்த ‘நாயகன் இல்லாத காவியம்’. அதன் பிறகு ‘ரெக்வியம்’. சிறை வாசல் வரிசைகளில் பிறந்த கவிதை. தாளில் வைத்திருந்தால் ஆபத்து என்று நம்பிக்கையான சில தோழிகளின் நினைவில் ஒளித்துவைத்திருந்த கவிதை. அதை ஒரு பிரிட்டிஷ் தூதரக ஆளிடம் சொல்கிறார். அதுவும் எந்த நாளில்? முற்றத்தில் சர்ச்சிலின் மகன் கத்திவிட்டுப் போன அதே நாளில்.

நடுவில் நிறுத்தினார். 1937, 1938. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கணவனையும் மகனையும் பிடித்துக்கொண்டுபோன வீடுகளின் கதை.

மணி மூன்று ஆகியிருக்கும்.

அறைக் கதவு திறந்தது.

அந்த ஊரில் இரவு மூன்று மணிக்குக் கதவு திறந்தால் என்ன அர்த்தம் என்று இத்தனை வாரம் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெர்லின் திரும்பிப் பார்த்தார். வாசலில் ஒரு ஆண் நின்றுகொண்டிருந்தார்.

வந்தவர் யார் என்பது அடுத்த வாரம். இந்தச் செய்தி மாஸ்கோவுக்குப் போனதும், கிரெம்ளினில் ஒருவர் அடித்த கிண்டலும், அதற்கு அக்மதோவா கொடுத்த விலையும் அதற்கும் அடுத்த வாரம். விடை தெரிந்தவர்கள் தயவுசெய்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.